ஓர் ஆளுக்கு ஒரு வரி

மே 12, 2024, ஞாயிறு. ஆலங்குளம்

சிவகாசி அருகே செங்கமலப்பட்டியில் வியாழக்கிழமை நடந்த பட்டாசு ஆலை வெடிவிபத்தை இன்று எங்கள் பட்டியலில் ஏற்றினேன். அன்றே எட்டு உயிர்கள் போய்விட்டன. பெண்கள்தான் அதிகம்.

வார நாட்களில் என் பிழைப்பு வேறு. மிச்ச நேரத்தில் மதுரையில் உள்ள ஒரு சட்ட உதவிக் குழுவுக்குச் சம்பளமில்லாமல் தரவுப் பகுப்பாய்வு செய்து கொடுக்கிறேன். பட்டாசு விபத்தில் ஆளை இழந்த குடும்பங்களிடம் என்ன ஆவணம் இருக்கிறது, என்ன இல்லை, எது முரண்படுகிறது என்று வழக்கறிஞர்கள் ஒரே பார்வையில் தெரிந்துகொள்ள வேண்டும். குழு முன்பு வைத்திருந்த கோப்பில் விபத்துக்கு ஒரு வரி இருந்தது: தேதி, ஊர், இறந்தோர், காயமடைந்தோர். அதைக் கலைத்துவிட்டு ஓர் ஆளுக்கு ஒரு வரி என்று புதிதாகத் தொடங்கினோம். ‘எட்டு’ என்ற எண் நீதிமன்றம் ஏறி இழப்பீடு கேட்காது. கேட்பது ஒரு மகள், ஒரு கணவன், ஒரு மாமியார்.

மே 15, புதன்

ஒரே விபத்துக்கு எத்தனை முகவரி! 2021 பிப்ரவரி 12 அன்று வெடித்த ஆலை இருப்பது அச்சன்குளத்தில். செய்திகளில் அது சில இடத்தில் ‘சாத்தூர் அருகே’, சில இடத்தில் ‘ஏழாயிரம்பண்ணை அருகே’. ஊர்ப்பெயரை நம்பினால் ஒரு விபத்து இரண்டாகிவிடும். தேதியை நம்பினால் இரண்டு ஒன்றாகிவிடும். 2023 அக்டோபர் 17 அன்று ரெங்கபாளையத்தில் ஒன்று, கிச்சநாயக்கன்பட்டியில் ஒன்று என இரண்டு விபத்துகள். பல செய்திகள் இரண்டின் சாவுகளையும் கூட்டி ஒரே எண்ணாகத்தான் போட்டன.

ஆட்களின் பெயர்களைப் பொருத்துவது இதைவிடக் கடினம். பாதிப் பெண்களின் பெயரில் மாரியோ காளியோ லட்சுமியோ இருக்கிறார்கள். முதல் தகவல் அறிக்கையில் ‘லட்சுமி’, ரேஷன் கார்டில் ‘லெட்சுமி’, ஆதாரின் ஆங்கில எழுத்தில் இன்னொன்று. பெயரோடு கணவர் அல்லது தகப்பன் பெயர், ஊர், வயது நான்கையும் சேர்த்துப் பார்த்தால்தான் ஆள் துலங்குகிறார். இலங்கையில் முள்ளிவாய்க்கால் போர் முடிந்த நாட்களில், 2009 மே 17 முதல் 19 வரை, ராணுவத்திடம் சரணடைந்து காணாமல் போனவர்களை எண்ணியவர்களுக்கும் இதே வேலைதான் இருந்தது. பேட்ரிக் பாலை ஆய்வு இயக்குநராகக் கொண்ட மனித உரிமைத் தரவுப் பகுப்பாய்வுக் குழு, வெவ்வேறு பட்டியல்களை வரிக்கு வரி ஒப்பிட்டு, ஏறத்தாழ 500 பேர் என்று 2018இல் கணித்தது. எந்தப் பட்டியலிலும் வராதவர்கள் எத்தனை பேர் இருக்கக்கூடும் என்பதும் அந்தக் கணிப்பில் அடக்கம். பட்டியல் எழுதிக் கொடுத்த உறவினர்கள் இல்லாவிட்டால் எந்தச் சூத்திரத்தாலும் அதைச் செய்திருக்க முடியாது.

மே 19, ஞாயிறு

விபத்தின் சாவு எண்ணிக்கை செய்தியில் மூன்றாம் நாளோடு நின்றுவிடுகிறது. தீக்காயம் அப்படி நிற்பதில்லை. சிவகாசியில் முதலுதவி முடிந்து மதுரை ராஜாஜி மருத்துவமனைக்கு ஏற்றப்பட்டவர் இரண்டாவது வாரத்தில் கண்மூடினால், இறப்பு எங்கே நிகழ்ந்ததோ அங்கேதான் பதிவாகும். 1969ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டம் அப்படி. எனவே விருதுநகர் மாவட்டத்துப் பட்டாசுச் சாவு மதுரை மாநகராட்சிப் பதிவேட்டில் போய் உட்காருகிறது. இணையத்தில் ஏறிய முதல் தகவல் அறிக்கையிலோ அவர் இன்னும் ‘காயமடைந்தவர்’. இந்த இரண்டு தாள்களையும் தேடி எடுத்துப் பக்கத்தில் பக்கத்தில் வைக்க ஒருவர் வேண்டும். என் கணினி வேலையில் பெரும்பகுதி இதுதான்.

பட்டியலில் அடுத்தது முதலிப்பட்டி ஆலை, 2012 செப்டம்பர் 5 அன்று வெடித்தது. அங்கே இறந்தவர்களில் பலர் அந்த ஆலையில் வேலை பார்த்தவர்களே இல்லை. புகையைப் பார்த்து உதவ ஓடி வந்தவர்கள், அடுத்து வெடித்ததில் சிக்கினார்கள். தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் அவர்களைத் தொடவில்லை. ‘தொழிலாளி’ என்று தலைப்பிட்ட பட்டியலில் அவர்களுக்கு இடமே இருந்திருக்காது. தலைப்பை ‘நபர்’ என்று வைத்து, வேலை உறவைத் தனிக் கட்டமாக்கினேன்.

மே 26, ஞாயிறு

குழுவின் வழக்கறிஞர் அக்காவோடு வெம்பக்கோட்டைப் பக்கம் ஒரு வீட்டுக்குப் போனேன். சில வருடங்களுக்கு முன் மருமகளை வெடிவிபத்தில் இழந்த வீடு. மாமியாருக்கு எழுபதைத் தாண்டியிருக்கும்.

“எழுதிக்கோ தாயி. அந்த வாரக் கூலி இன்னும் வரல. சனிக்கெழமதான கூலி போடுவாக, அவ அதுக்கு முன்னாலயே போயிட்டா.”

எந்தப் படிவத்திலும் இதற்குக் கட்டம் கிடையாது. அங்கேயே ஒன்று சேர்த்தேன். இனிப் போகும் எல்லா வீட்டிலும் இதைக் கேட்போம்.

“கூலி எம்புட்டு வாங்குனாங்க பாட்டி?” என்றார் அக்கா.

“பயராபீஸ்ல சீட்டா குடுக்கான்? எத்தன குரோஸ் முடிச்சாளோ அதுக்குத் தக்கன.” பட்டாசு ஆலையைத்தான் பயராபீஸ் என்கிறார்.

இந்தப் பதிலில் எவ்வளவு பணம் போகிறது என்று இரவு கணக்குப் போட்டேன். விபத்து நடந்தபோது நடப்பிலிருந்த 1923ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டப்படி, இறந்தவரின் மாதக் கூலியில் பாதியை வயதுக்குரிய ஒரு காரணியால் பெருக்க வேண்டும். எவ்வளவு சம்பாதித்திருந்தாலும் கணக்கில் கூலி 15,000 ரூபாயைத் தாண்டாது. 40 வயதுக்குக் காரணி 184.17. மாதம் 15,000 என்று நிரூபித்தால் 13,81,275 ரூபாய். 9,000 என்றுதான் காட்ட முடிந்தால் 8,28,765. ஒரு கூலிச் சீட்டு இல்லாததால் ஐந்தரை லட்சம் குறைகிறது. வயதும் அப்படியே: ஆதாரில் 40, பிரேதப் பரிசோதனை அறிக்கையில் ‘சுமார் 45’. 45க்குக் காரணி 169.44. ‘சுமார்’ என்று போகிறபோக்கில் எழுதியதன் விலை, 15,000 கூலிக் கணக்கில், 1,10,475 ரூபாய். இ.எஸ்.ஐ. காப்பீட்டில் பெயர் இருந்தால் வழியே வேறு, மாதாந்தர உதவி வரும். பெயர் இருந்ததா என்பது இந்த வீட்டில் யாருக்கும் தெரியாது.

அச்சன்குளம் விபத்தில் தேசிய பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே வழக்கை எடுத்து, நீதிபதி கே. கண்ணன் தலைமையில் குழு அமைத்து, இறந்த ஒவ்வொருவருக்கும் 20 லட்சம் என்றது. கூலிச் சீட்டையும் வயதுக் காரணியையும் பாராமல் உயிருக்கு ஒரே மதிப்பு வைத்த அந்த முறையே எனக்குச் சரியாகப் படுகிறது. எல்லா விபத்துக்கும் அது கிடைப்பதில்லை.

ஜூன் 2, ஞாயிறு

‘விபத்துக்கான காரணம்’ என்ற கட்டத்தை நிரப்பி முடித்தேன். கிட்டத்தட்ட எல்லா வரியிலும் ‘உராய்வு’. மருந்து உராய்ந்தால் பற்றும். அது வேதியியல். ஏன் அந்த அறையில் அனுமதித்த ஆட்களைவிட அதிகம் பேர் இருந்தார்கள், ஏன் மரத்தடியில் வேலை நடந்தது, உரிமம் ஒருவர் பெயரில் இருக்க அறைகளை உள்குத்தகைக்கு எடுத்து நடத்தியவர் யார் என்பதுதான் காரணம். உராய்வு என்று எழுதிய இடத்தில் பழி மருந்தைத் தொட்ட கைக்குப் போய்விடுகிறது, அந்தக் கை பதில் சொல்ல உயிரோடு இல்லை. அந்தக் கட்டத்தை நான்காகப் பிரித்தேன்: மத்திய வெடிபொருள் துறையின் நாக்பூர் உரிமமா மாவட்ட வருவாய் அலுவலர் (டி.ஆர்.ஓ.) தந்த உரிமமா, நடத்தியது யார், அறையில் எத்தனை பேர், என்ன வேலை நடந்தது. காலியாகக் கிடக்கும் ஒவ்வொன்றுக்கும் தகவல் உரிமை மனு எழுதுகிறோம்.

ஜூன் 9, ஞாயிறு

நாளை திங்கள், விருதுநகரில் மனு நாள். ஆட்சியருக்கான மனுவில் கேட்டிருப்பது இது: மாவட்டம் தானே ஆள்வாரியாக ஒரு பதிவேடு வைக்க வேண்டும். ஒரு விபத்தின் பக்கத்தை ஓராண்டு வரை மூடக்கூடாது. மதுரை மருத்துவமனைச் சாவுகள் அதில் வந்து சேர வேண்டும். கடைசி வாரக் கூலி கொடுக்கப்பட்டதா என்பதும் பதிவாக வேண்டும்.

மாதிரிக்காக எங்கள் பட்டியலை இணைக்கிறோம். சம்மதம் தந்த குடும்பங்களின் வரிகள் மட்டும் பெயரோடு போகின்றன, மற்றவை எண்ணாக. இன்னும் அதே ஆலைகளுக்கு வேன் ஏறும் உறவினர்கள் பல வீடுகளில் இருக்கிறார்கள், அவர்கள் வேலைக்கு ஆபத்து வரக்கூடாது. முதலிப்பட்டி வரிகளில் பாதிக் கட்டங்கள் காலி. அடுத்த ஞாயிறு அவற்றிலிருந்து தொடங்கலாம் என்று அக்காவிடம் சொல்லியிருக்கிறேன்.