பாக்கெட்டில் கிடந்த கேசட்

ஈப்போ

என் ராசாத்திக்கு,

முட்டிவலி தேவலையா? இங்கே மத்தியானமானால் மழை கொட்டுகிறது, துவைத்தது எதுவும் காய்வதில்லை, முருங்கைக்காய் விற்கிற விலைக்கு சாம்பாரையே மறந்துவிடலாம் போல, அதெல்லாம் இருக்கட்டும், ஒரு பாட்டுக்காரன் கதை சொல்கிறேன் கேள். என் சின்னவன் லீவுக்கு வந்தவன், புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன் என்கிற அமெரிக்கப் பாடகனின் 'நெப்ராஸ்கா' ஆல்பத்தைப் போட்டுவிட்டு, அடுப்படியில் நின்று நிறுத்தி நிறுத்தி அர்த்தம் சொன்னான். அதைப் பற்றி 2025-ல் சினிமாவே வந்துவிட்டதாம்.

1982 ஜனவரியில் நியூ ஜெர்சியில் ஒரு வாடகை வீட்டில் அந்த ஆள் தனியாக உட்கார்ந்து, கிட்டாரும் மவுத் ஆர்கனுமாக, நாலு டிராக் கேசட் ரெக்கார்டரில் ரெண்டே மைக்கை வைத்துப் பாடிப் பதிந்திருக்கிறான், அதுவும் தன் பேண்டுக்குப் பாட்டைச் சொல்லிக் கொடுக்கத்தான். அதை இன்னொரு கேசட்டுக்கு மாற்றின பெட்டி ஏற்கெனவே தண்ணீரில் விழுந்து எழுந்ததாம். அந்தக் கேசட்டையும் உறைகூட இல்லாமல் ஜீன்ஸ் பாக்கெட்டில் போட்டுக்கொண்டு திரிந்திருக்கிறான்! எங்க அண்ணன் கேசட்டை நாம் தொட்டாலே என்ன குதி குதிப்பான், ஞாபகம் இருக்கா? அப்புறம் ஸ்டுடியோவில் முழு பேண்டோடு வாசித்துப் பார்த்தால் மனசுக்கு ஒட்டவில்லை, கடைசியில் அந்தக் கேசட்டையே செப்டம்பரில் ஆல்பமாக விட்டார்கள். ஒலி அத்தனை சன்னம், இசைத்தட்டில் ஏற்றுகிறதுக்குள் போதும் போதும் என்றாகிவிட்டதாம்.

அது என்ன வருசம் பார்த்தியா? நமக்கு ஆகஸ்டில் 'சகலகலா வல்லவன்' வந்து, கல்யாண வீட்டு மைக்செட்டெல்லாம் அதிர்ந்த வருசம். அங்கே எம்டிவி வந்து ஒரு வருசமாகி எங்கும் சிந்தசைசர் முழக்கம், நவம்பரில் மைக்கேல் ஜாக்சனின் 'திரில்லர்' வேறு. அதற்கு நடுவில் இவன் கார் ஆலை மூடி வேலை போனவன், கடன்பட்டவன், போலீஸ்காரனுடைய உருப்படாத தம்பி என்று முனகிக்கொண்டிருக்கிறான். அப்படியும் அமெரிக்காவில் மூன்றாம் இடம்வரை போயிருக்கிறது. முதல் பாட்டு எனக்குப் பிடிக்கவில்லை, 1958-ல் ஊர் ஊராகக் கொலை செய்தவன் வாயால் பாடுவது, சாயங்கால நேரத்தில் இது எதுக்குடா என்று மாற்றச் சொல்லிவிட்டேன்.

ஆனால் 'யூஸ்ட் கார்ஸ்' என்று ஒன்று. பழைய கார் வாங்கப் போன குடும்பம், விற்கிறவன் பார்வை அப்பாவின் கைமேலேயே இருக்கிறது, அம்மா அதைக் கவனிக்கிறாள், பையன் அதைச் சொல்கிறான். எங்கப்பா ஈப்போவில் பழைய மோட்டார் வாங்கப் போனபோது நானும் கூட இருந்தேனே, ஒட்டுப்பால் கறை ஏறின விரலைக் கடைக்காரன் பார்த்த பார்வையில் அப்பா கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார், காசை எண்ணித் தரும்போதுதான் வெளியே எடுத்தார். அம்மாவிடம்கூட நான் இதைச் சொன்னதில்லை.

1985 அக்டோபரில் ஈய விலை விழுந்து கிந்தா பள்ளத்தாக்கில் ஈயம் தோண்டுகிற லம்பங்கள் வரிசையாக மூடினதும், நம்ம தோட்டத்தில் பால்மரத்தைச் சாய்த்துச் செம்பனை நட்டு, பிறகு அதையும் தள்ளிவிட்டு வீடமைப்பு வந்ததும், லயத்து வீட்டைக் காலி பண்ணச் சொன்னதும் உனக்குத் தெரியாததா? அன்றைக்கும் ரேடியோவில் டூயட்தான் ஓடியது. யாரையும் குறை சொல்லவில்லையடி, சினிமாவில் மைக்கைப் பிடித்து நடிகன் மோகன் வாயசைத்தால் நீ உலையைக்கூட மறந்துவிடுவாயே! ஆனாலும் அப்பாவின் கையைப் பற்றி ஒருத்தராவது பாடியிருக்கலாம்.

ஸ்பிரிங்ஸ்டீன் அன்றைக்கு வேண்டாமென்று வைத்த பேண்டுப் பதிவையும் 2025-ல் வெளியிட்டார்கள். அந்தக் கார் ஆலைக்காரன் பாட்டு 'ஜானி 99' டிரம்ஸோடு ஜோராகத்தான் இருக்கிறது, ஆனால் வேலை போனவன் வீட்டில் இவ்வளவு சத்தம் எதுக்கு? சின்னவன் ஒத்துக்கொள்ளவில்லை, ராத்திரி சாப்பாடுவரை வாதாடினான்.

'யூஸ்ட் கார்ஸ்' பாட்டை வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறேன், மூன்று நிமிசந்தான், பேரப்பிள்ளைகள் தூங்கினபிறகு கேள். தீபாவளிக்கு வரும்போது என் முறுக்கு அச்சையும் எடுத்துக்கொண்டு வா, போன வருசம் வாங்கிப் போனது.

அன்புடன்,
உன் பக்கத்து லயத்துக்காரி