ஆளுக்கு ஆயிரத்தைந்நூறு ரூபாயில் கடல்வரை

(பத்தாம் வகுப்பு மாணவி, ஆண்டிமடம்)



நம் பள்ளி ஆண்டு மலருக்குப் பயணக் கட்டுரை ஒன்று எழுதும்படி தமிழாசிரியை பணித்தபோது, ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் காரில் போய் வந்தவர்கள் எழுதட்டுமே என்று ஒதுங்கிக்கொண்டேன். நாங்கள் போனது காரில் அல்ல. தங்கியது ஓட்டலிலும் அல்ல. முதுகில் பையும் கையில் சோற்றுத் தூக்குமாக அப்பாயி, அம்மா, சித்தி, நான் என்று நான்கு பெண்கள், 2025-ஆம் ஆண்டு காலாண்டு விடுமுறையில் நான்கு நாட்கள் இரயிலில் போய் வந்தோம். "அதைத்தான் எழுத வேண்டும்" என்று ஆசிரியை சொல்லிவிட்டார்கள்.

இந்த ஆசையை எங்கள் வீட்டில் விதைத்தவர் என் பெரியப்பா மகள். அக்கா சுவீடன் நாட்டில் கோத்தன்பர்க் நகரில் மேற்படிப்புப் படிக்கிறார். கோடை விடுமுறையில் தோழியர் இருவரோடு டென்மார்க், நார்வே நாடுகளை இரயிலிலேயே சுற்றி வந்தார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் கைப்பேசியில் அவர் அந்தக் கதையைச் சொல்ல, நாங்கள் எல்லோரும் சுற்றி உட்கார்ந்துகொள்வோம். அந்த நாடுகளில் ஓட்டல் சாப்பாடு யானை விலையாம். ஆகவே ரொட்டியும் முட்டையும் கடையில் வாங்கி, தங்கும் விடுதியின் பொதுச் சமையலறையில் தாங்களே சமைத்துக்கொள்வார்களாம். ஓர் அறையில் ஆறு, எட்டுப் பேர். ஒன்றன்மேல் ஒன்றாகக் கட்டில்கள். படுக்கை விரிப்பைக் கையோடு கொண்டுபோனால் அந்த வாடகையும் மிச்சம். ஸ்டாக்ஹோம் நகரில் 1888-ல் கட்டிய பாய்மரக் கப்பல் ஒன்று 1949 முதல் இளைஞர் விடுதியாகக் கரையில் கட்டிக் கிடக்கிறது. அதே நகரில் 1975-ல் மூடப்பட்ட ஒரு சிறைச்சாலையும் இப்போது பயணிகள் விடுதி. "காசு குடுத்தா ஜெயில்ல படுப்பாங்க?" என்று அப்பாயி கேட்டது இன்னும் எங்கள் வீட்டில் சிரிப்புக்குரிய பேச்சு.

நார்வேயில் ஆஸ்லோவிலிருந்து பெர்கன் போகும் இரயில், ஃபின்சே என்னும் நிலையத்தில் 1,222 மீட்டர் உயரத்தைத் தொடுகிறதாம். ஜூன் மாதத்தில்கூட அங்கே பனி கிடந்ததென்றும், இரவு பத்து மணிக்கும் வெளிச்சம் இருந்ததென்றும் அக்கா சொன்னார். நான் வாய் பிளந்து கேட்டது இதையெல்லாம்தான். அம்மா கேட்டதோ ஒரே கேள்வி.

"பொம்பளப் பிள்ளைங்க மூணு பேரும் தனியாவா போனீங்க?"

"ஆமா சித்தி. எங்க அறையில இருந்த மத்தவங்களும் தனியா வந்த பொண்ணுங்கதான்."

என் அம்மாவுக்கு நாற்பத்தொரு வயது. வேளாங்கண்ணிக்கும் ஏலாக்குறிச்சிக்கும் போயிருக்கிறார்கள். ஆனால் எப்போதும் உறவுக்காரர் வேனில், ஆண்கள் முன்னிருக்கையில் இருக்க. சொந்தக்காரர் வீடு தவிர வேறிடத்தில் ஓர் இரவு தங்கியதில்லை; இரயில் சீட்டுக் கொடுக்கும் சன்னல் முன்னால் நின்றதும் இல்லை. மகளிர் குழுவில் சிறுகச் சிறுகச் சேர்த்த ஆறாயிரம் ரூபாய் கையில் இருந்தது. "இராமேசுவரம் போய் அந்தப் புதுப் பாலத்தைப் பார்க்கணும்" என்று அம்மா ஒருநாள் இரவு அப்பாவிடம் சொன்னார்கள். அப்பா மறுக்கவில்லை. "எங்கே தங்குவீங்க? அதைச் சொல்லிட்டுப் போங்க" என்று மட்டும் சொன்னார். அதற்கு எங்களிடம் பதில் இல்லை. ஆனாலும் புறப்பட்டோம்.

மகளிருக்குக் கட்டணமில்லாத சாதாரணப் பேருந்துகளாகப் பார்த்து ஏறி இறங்கி அரியலூர் நிலையத்தை அடைந்தோம். அம்மா சன்னலில் குனிந்து, "திருச்சிக்கு நாலு" என்றார்கள். சீட்டு வந்ததும் இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்து, முந்தானையில் முடிந்துகொண்டார்கள். அரியலூரைத் தாண்டியதும் மருதையாற்றுப் பாலம் வருகிறது. 1956 நவம்பர் 23 அதிகாலையில் வெள்ளம் பாலத்தை அரித்துப்போக, தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் ஆற்றில் விழுந்து நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்ட இடம் அது. அந்த விபத்துக்குப் பொறுப்பேற்று இரயில்வே அமைச்சர் லால்பகதூர் சாஸ்திரி பதவி விலகியதை நாம் அறிவோம். அப்போது அப்பாயி கைக்குழந்தை. அவருடைய அம்மா சொல்லிச் சொல்லி அந்தப் பயம் மனத்தில் தங்கிவிட்டது. பாலம் முடியும்வரை சிலுவை அடையாளம் போட்டபடியே இருந்தார்.

முதல் இரவு திருச்சிராப்பள்ளி சந்திப்பின் பெண்கள் காத்திருப்பு அறையில். காலை இரயிலுக்கான சீட்டைக் காட்டி உள்ளே போய்ப் போர்வையை விரித்தோம். பக்கத்தில் ஒரு செவிலியர், கைக்குழந்தையோடு ஒரு தாய், தேர்வு எழுதப் போகும் இரண்டு கல்லூரிப் பெண்கள். எங்கள் புளிச்சோறு அங்கே, அவர்கள் சப்பாத்தி இங்கே. எங்கள் ஊர் வறுத்த முந்திரியை அப்பாயி எல்லோருக்கும் கொடுத்தார். கொசுக்கடியில் எனக்குத் தூக்கம் வரவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மறுநாள் முன்பதிவில்லாப் பெட்டி. புதுக்கோட்டை, காரைக்குடி, மானாமதுரை, இராமநாதபுரம் என்று ஊர்கள் போய்க்கொண்டே இருந்தன. மண்டபம் தாண்டியதும் பெட்டி முழுவதும் எழுந்து நின்றது. இரண்டு பக்கமும் கடல்! 2025 ஏப்ரல் 6 அன்று திறந்த புதிய பாலம் இரண்டு கிலோமீட்டருக்குச் சற்று மேல் நீளம். கப்பலுக்கு வழிவிட நடுவில் 72.5 மீட்டர் நீளத் துண்டு அப்படியே மின்தூக்கிபோல் 17 மீட்டர் மேலே ஏறும். 1914-ல் திறந்த பழைய பாலத்தில் ஆட்கள் நெம்புகோலைத் தள்ளிச் சுற்றித்தான் இரு பக்கத்துக் கைகளையும் தூக்குவார்களாம். 1988-ல் சாலைப் பாலம் வரும்வரை இந்தத் தீவுக்கு இரயில் ஒன்றே தரைவழி. அக்கா கடந்த ஓரசுண்ட் பாலம் ஏறக்குறைய எட்டுக் கிலோமீட்டர். சுவீடனையும் டென்மார்க்கையும் இணைக்கிறது. இருக்கட்டும்! சன்னலோரக் காற்றில் உப்பு ருசித்தது என்று அக்கா சொல்லவில்லையே.

இராமேசுவரத்தில்தான் அப்பாவின் கேள்வி எங்களைப் பிடித்துக்கொண்டது. முதல் விடுதியில், "ஆம்பளை யாரு வந்திருக்காங்க?" என்றார்கள். யாருமில்லை என்றதும் அறை இல்லை. சித்தி நான்கு பேருடைய ஆதார் அட்டைகளையும் மேசைமேல் வரிசையாக வைத்தும் பயனில்லை. அடுத்த விடுதியில் அறை இருந்தது. வாடகையோ எங்கள் மொத்தப் பணத்தில் பாதி. பிற்பகல் மூன்று மணி வெயில். அம்மா பையை இறக்கி வைத்து, ஒன்றும் பேசாமல் தெருவோரத் திண்டில் உட்கார்ந்துவிட்டார்கள். திரும்பிப் போய்விடலாம் என்று சொல்லிவிடுவார்களோ என்று எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. அம்மா எழுந்து, "கோயில் எங்கே இருக்குன்னு கேளு, சாமியாரையோ சிஸ்டரையோ பார்ப்போம்" என்றார்கள்.

தீவிலுள்ள ஒரு மீனவர் ஊரில் சிஸ்டர் ஒருவர் எங்களைப் பார்த்தார். அவர்கள் மடத்தில் விருந்தினர் அறை இல்லை. "பள்ளிக்கூடம் விடுமுறைதானே?" என்று சாவியை எடுத்து, ஐந்தாம் வகுப்பு அறையைத் திறந்துவிட்டார். பெஞ்சுகளை ஓரமாகத் தள்ளி, கோரைப்பாய் விரித்து, இரண்டு இரவுகள் அங்கேதான் படுத்தோம். எந்த மடம் என்று மலரில் எழுத வேண்டாமென்று சிஸ்டர் கேட்டுக்கொண்டார்.

அன்றிரவு அக்கா கைப்பேசியில் வந்தபோது வகுப்பறையைக் காட்டினேன். அவர் கைகொட்டிச் சிரித்து ஒரு வரலாறு சொன்னார். 1909-ல் ஜெர்மனியில் ரிச்சர்டு ஷிர்மன் என்ற ஆசிரியர் மாணவர்களோடு நடைப்பயணம் போகையில் இடிமழையில் மாட்டிக்கொண்டு, ஒரு கிராமப் பள்ளியில் வைக்கோல் பரப்பி இரவு தங்கினாராம். விடுமுறையில் சும்மா கிடக்கும் பள்ளிகளையெல்லாம் இப்படித் திறந்துவிட்டால் ஏழைப் பிள்ளைகளும் ஊர் சுற்றலாமே என்று அப்போது அவருக்குத் தோன்றியதாம். 1912-ல் ஆல்டெனா கோட்டையில் முதல் நிலையான இளைஞர் விடுதி பிறந்தது. அக்கா படுத்த கட்டில்கள் எல்லாம் அதன் பேரப்பிள்ளைகள்!

"நம்ம ஊர்ல சத்திரம் இல்லையா? இது என்ன புதுசு?" என்றார் அப்பாயி. அவர் சொன்னதிலும் நியாயம் இருக்கிறது. இராமேசுவரம் போகும் பெருவழியில் தஞ்சை மராட்டிய மன்னர்கள் சத்திரங்கள் கட்டினார்கள். இரண்டாம் சரபோஜி ஒரத்தநாட்டில் 1800-ஐ ஒட்டிக் கட்டிய முத்தாம்பாள் சத்திரம் அவற்றில் பெரியது. வழிப்போக்கர்க்குச் சோறும், நோயாளிக்கு மருந்தும், பிள்ளைகளுக்குப் படிப்பும் அங்கே கிடைத்தன. ஷிர்மனுக்கு நூறு ஆண்டு முந்தியது அது.

அடுத்த நாள் தனுஷ்கோடி. ஒரு காலத்தில் சென்னை எழும்பூரில் கொழும்புக்கு ஒரே சீட்டு வாங்கலாம். இரயில் தனுஷ்கோடி துறைவரை வரும். அங்கே கப்பல் ஏறித் தலைமன்னாரில் இறங்கினால் மறுபடி இரயில். அதனால்தான் அதற்கு போட் மெயில் என்று பெயர். டென்மார்க்குக்கும் ஜெர்மனிக்கும் நடுவே 2019 வரை இரயில் பெட்டிகளே கப்பலுக்குள் ஏறிக் கடலைக் கடந்தன என்று அக்கா சொன்னதைக் கேட்டு வியந்தேனே, நம் கரையிலேயே அதன் உறவுமுறை ஒன்று இருந்திருக்கிறது! 1964 டிசம்பர் 22 இரவு அடித்த புயலில் பாம்பனிலிருந்து வந்த பயணி வண்டியோடு நூற்றுக்கும் மேற்பட்டோர் கடலுக்குள் போனார்கள், ஊரும் போயிற்று. இன்று மாதா கோயிலின் சுவர்கள் கூரையின்றி நிற்கின்றன. பீடம் இருந்த பக்கத்தில் அப்பாயி செருப்பைக் கழற்றிவிட்டு முழந்தாளிட்டார். மணல் சுட்டும் எழுந்திருக்கவில்லை. நாங்களும் பக்கத்தில் முழந்தாளிட்டோம்.

திரும்பும் வழியில் பேய்க்கரும்பில் அப்துல் கலாம் அவர்களின் நினைவிடத்தைப் பார்த்தோம். சிறுவனாக இருந்தபோது, ஓடும் இரயிலிலிருந்து வீசப்படும் செய்தித்தாள் கட்டுகளைப் பிடித்து ஊருக்குள் விநியோகித்தவர் அவர்.

நான்காம் நாள் நள்ளிரவு அரியலூரில் அப்பா காத்திருந்தார். செலவுக் கணக்கை அம்மா ஒரு பழைய நோட்டில் எழுதியிருந்தார்கள்: சீட்டு, பேருந்து, டீ, வாழைப்பழம், கொசுவர்த்தி. அந்த மடத்துப் பள்ளிக்குக் கொடுத்த ஐந்நூறு உட்பட எல்லாம் போக எண்ணூற்று முப்பது ரூபாய் மிச்சம். அதே நோட்டின் அடுத்த பக்கத்தில் இப்போது மேட்டுப்பாளையம் இரயில் நேரம் இருக்கிறது. 1908-ல் உதகமண்டலம் வரை போன பல்சக்கர இரயிலில் ஏற வேண்டுமாம். உதகையில் இளைஞர் விடுதி ஒன்று உண்டு என்பதை நான்தான் விசாரித்துச் சொன்னேன்.

"இந்தத் தடவை நானும் வரட்டுமா?" என்று அப்பா கேட்டார்.

"வா. ஆனா ராத்திரிக்கு ஆம்பளைங்க காத்திருக்கிற அறையில நீ தனியாத்தான் படுக்கணும்" என்றார் அப்பாயி.