ஃபின் கோணினா எல்லாம் கோணல்!

தீபாவளி ராக்கெட்டில் குச்சியை உருவிட்டுப் பத்தவெச்சா என்ன ஆகும்? எதிர்வீட்டு மாடி, மாட்டுக் கொட்டகை, பக்கத்தில் நிக்கிறவர் வேட்டினு எங்கே வேணாலும் பாயும். பெரிய மாடல் ராக்கெட்டில் அந்தக் குச்சியோட வேலையைச் செய்றது, வால்பக்கம் இருக்கும் ஃபின். மேலே போனதும் ஸ்டீயரிங் பிடிக்க ஆள் கிடையாது பாஸ். தரையில் நீங்க எப்படி ஒட்டினீங்களோ அப்படித்தான் போகும்.

நாங்க நாலு பேர் சேர்ந்து செய்யறது ஆறடி ராக்கெட். உடம்பு, ஃப்ளெக்ஸ் பேனர் சுத்தி வர்ற அட்டைக் குழாய். புதுக்கோட்டையில் பேனருக்கா பஞ்சம்? விட்டம் சுமார் மூணு இஞ்ச். 1967 நவம்பர் 20-ம் தேதி தும்பாவில் இருந்து கிளம்பிய, நம்ம நாட்டிலேயே உருவான ரோகிணி ஆர்.ஹெச்-75 ராக்கெட்டின் விட்டமும் 75 மில்லிமீட்டர்தான். இது தெரிஞ்சதில் இருந்து எங்களுக்குக் கால் தரையில பாவலை.

மூணு ஃபின், ஒவ்வொண்ணும் 60 சென்டிமீட்டர் பிளைவுட். சிக்கலே அந்த நீளம்தான். கீழ்முனை 5 மில்லிமீட்டர் நகர்ந்தாலே அரை டிகிரி கோணல். மூணும் ஒரே பக்கம் சாய்ஞ்சா ராக்கெட் பம்பரமா சுத்தும். அதுகூடப் பரவாயில்லை, நிஜ ராக்கெட்டுகளில் வேணும்னே லேசா சாய்ச்சு சுத்தவிடுறது உண்டு. ஒண்ணு மட்டும் சாய்ஞ்சாதான் ஆபத்து. தலை ஒரு பக்கமா இழுக்கும். அந்தப் பக்கம் நிக்கப்போறது ஃபர்ஸ்ட் இயர் பசங்க.

அறந்தாங்கி பக்கம் எங்க ஊர்ல தச்சு வேலை பார்க்கிற தாத்தாகிட்ட குழாயைத் தூக்கிட்டுப் போனேன். பக்கத்து ஆவுடையார்கோவிலில் சட்டம், ஆணி வரைக்கும் கல்லையே மரம் மாதிரி செதுக்கி வெச்சிருக்காங்க. அந்த மண்ணுக்கு நேர்க்கோடு பத்தி நாம சொல்லித் தரவா? குழாயை உருட்டிப் பார்த்தவர், ''நூல் போடாதே தம்பி, உருண்டையில வழுக்கும். எல் ஆங்கிளைக் கவுத்து வை, ரெண்டு விளிம்பும் தானா நேரா உட்காரும்''னார்.

அம்புட்டுதான்! குழாயைச் சுத்தி ஒரு பேப்பர் பட்டை, அதை மூணா மடிச்சுக் குறி, குறியில் இருந்து ஆங்கிள் ஓரமா பென்சில் கோடு. கெட்டி அட்டையில் குழாய் அளவுக்கு வட்டம் வெட்டி, 120 டிகிரிக்கு ஒரு கீறல் போட்டு, வால்ல ஒண்ணு, ஒரு அடி மேலே ஒண்ணு மாட்டுங்க. ஃபின் அசையாது. ஃபெவிகாலை ரெண்டு பக்கமும் தடவிக் காயவிட்டு, மறுபடி மெலிசா தடவி அழுத்தணும். முதல்ல ரெண்டு முனை, அப்புறம் நடு. ஒரே இழுப்பா தடவினா ஈரத்தில் அட்டை ஊறி நெளிஞ்சிடும்.

இன்னொண்ணு, வால்ல மரம் சேரச் சேர எடை பின்னால போகும். மோட்டார் எடையையும் வெச்சு, கயித்துல தொங்கவிட்டு எடை மையம் பாருங்க. காத்து தள்ளும் மையம் அதுக்குப் பின்னால, குறைஞ்சது ஒரு குழாய் விட்டம் தள்ளி இருக்கணும். அதைக் கண்டுபிடிக்க ஜேம்ஸ் பாரோமன் 1966-ல் தந்த சூத்திரம் இருக்கு. நம்ம கணக்கு அறிவே போதும், நிஜமா! இடைவெளி பத்தலைன்னா மூக்குல களிமண்.

மோட்டாரா? வீட்ல மருந்து கலக்குற வேலை நம்ம லிஸ்ட்டுலயே இல்லை. அனுமதியும் மேற்பார்வையும் கிடைக்கிற வரைக்கும் ராக்கெட் தாத்தா பட்டறையிலதான். மூணாவது ஃபின் இப்போ காயுது. அவசரப்பட்டு ஃபேன் போட்டா தொலைச்சுப்புடுவேன்னு உத்தரவு!