டிபன் பாக்ஸுக்குத் தனிப் பை

மோகனூரிலிருந்து மகளை ஏர் ரைபிள் பயிற்சிக்கு அனுப்பும் அம்மாவுக்கு முதல் கவலை ரைபிள் பெட்டிதான். நியாயமான கவலை. போட்டி ரைபிள் 5.5 கிலோ வரை கனக்கும்; உள்ளே ஸ்பாஞ்ச் வைத்த, பூட்டுள்ள கெட்டிப் பெட்டி வேண்டும். 4.5 மில்லிமீட்டர் குண்டு நசுங்கினால் குறி தப்பும். நாமக்கல் முட்டைக்கு அட்டைத் தட்டு மாதிரி, அதற்கும் குழி குழியாக டப்பா உண்டு. வியர்த்து நனைந்த ஜாக்கெட்டுக்குக் காற்றோட்டமான பை போதும்.

அம்மா அதைவிடக் கவனிக்க வேண்டியது டிபன் பாக்ஸை. ரசம் வைக்கும் ஈயச் சொம்பு வெள்ளீயம். இந்தக் குண்டோ காரீயம். அதன் தூள் விஷம், வளரும் பிள்ளைகளுக்கு இன்னும் கெடுதல். அதனால் சாப்பாடும் தண்ணீர் பாட்டிலும் தனிப் பையில் போகட்டும். கூடவே ஒரு சோப்பும். கை கழுவிய பிறகுதான் சாப்பாடு.