பெரியம்மா வீட்டுச் சுவர்

சிங்கப்பெருமாள் கோயிலில் எனக்குப் பார்க்க வேண்டியிருந்தது ஒன்றுதான்: பெரியம்மா வீட்டு முன்னறையில் மாட்டியிருந்த மாதா படம். அச்சிறுபாக்கம் மழைமலை மாதா கோயிலுக்குப் போனபோது பெரியப்பா வாங்கி வந்தது. கண்ணாடியின் கீழ்மூலையில் ஒரு கீறல் உண்டு. விளக்கு வைத்ததும் அதன் முன்னால் பாய் விரித்து ஜெபமாலை சொல்வோம். எனக்கு விசுவாசம் வந்தது அந்தப் பாயில்தான். டொரோண்டோவில் எத்தனை பூசை கண்டாலும் என் மனம் போய் நிற்பது அங்கேதான்.



இம்முறை போனபோது படம் சுவரில் இல்லை. அதே ஆணியில் பாடலாத்ரி நரசிம்மர் காலண்டர் தொங்கியது. படத்தைவிடக் காலண்டர் சிறியது. அதனால் அதைச் சுற்றிலும் அழுக்குப் படியாத சுண்ணாம்பு ஒரு சட்டம் போட்டதுபோல் வெளுத்துத் தெரிந்தது. நான் அதையே பார்ப்பதைக் கண்டு பெரியம்மா உள்ளறைக்குக் கூட்டிப்போனார். அரிசி டிரம்முக்குப் பின்னால், பழைய நூல்புடவையில் சுற்றிய மாதா. முந்தானையால் துடைத்து என் கையில் கொடுத்தார். கீறல் அங்கேயே இருந்தது.

“பாப்பாவுக்கு சர்டிபிகேட் வாங்கணும்பா. ரயில்வே பரீட்சை எழுதப்போறா. வி.ஏ.ஓ. எப்ப வேணா வந்து பார்ப்பாரு.”

பாப்பா அந்த வீட்டுப் பெண். அவள் சான்றிதழில் ‘இந்து ஆதிதிராவிடர்’ என்று இருக்க வேண்டும். ‘கிறிஸ்தவ ஆதிதிராவிடர்’ என்று எழுதினால் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலுக்குப் போய்விடுவாள். 1950 ஆகஸ்ட் 10-இல் வந்த குடியரசுத் தலைவர் ஆணையின் மூன்றாம் பத்தி செய்த வேலை இது. இந்து அல்லாதவர் எவரும் பட்டியல் சாதியினர் ஆக முடியாது என்றது அது. 1956-இல் சீக்கியரையும் 1990-இல் பௌத்தரையும் சேர்த்துக்கொண்டார்கள். கிறிஸ்தவரும் முஸ்லிமும் இன்னும் வெளியேதான். சிங்கப்பெருமாள் கோயில் அடங்கும் காஞ்சிபுரம் மக்களவைத் தொகுதி தனித்தொகுதி. என் பெரியம்மா மகன் அதில் ஓட்டுப் போடலாம். கிறிஸ்தவன் என்று சொல்லிக்கொண்டு வேட்பாளராக நிற்க முடியாது.

2024 நவம்பர் 26-இல் உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. ஞானஸ்நானம் பெற்றுக் கோயிலுக்குப் போய்வரும் புதுச்சேரிப் பெண் ஒருவர், வேலைக்காக இந்து பட்டியல் சாதிச் சான்றிதழ் கேட்ட வழக்கு. நம்பிக்கை இல்லாமல் சலுகைக்காக மட்டும் மதத்தைச் சொல்வது அரசமைப்புச் சட்டத்தின் மீதான மோசடி என்றது நீதிமன்றம். மோசடி என்ற அந்தச் சொல்லைப் படித்த நாளிலிருந்து இந்தச் சுவர் என்னை விடவில்லை.

சாதி இல்லாத மதத்துக்குப் போனவர்களுக்குச் சாதிச் சலுகை எதற்கு என்று கேட்கிறார்கள். ஞானஸ்நானத் தண்ணீர் தலையில் விழுந்ததும் ஊர்த்தெருவும் காலனியும் ஒன்றாகிவிட்டனவா? பெண் கேட்டு வருகிறவன் விசாரிப்பதை நிறுத்திவிட்டானா? திருச்சபைக்கு உள்ளேயே அது தீரவில்லை. தீண்டாமை நம்மிடையே இருக்கிறது என்று இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவையே 2016 டிசம்பரில் வெளியிட்ட கொள்கை ஆவணத்தில் ஒப்புக்கொண்டது. சுவர் எழுப்பிப் பிரித்த கல்லறைகளைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். தலித் சமூகத்திலிருந்து முதல் கர்தினாலாக ஐதராபாத் பேராயர் அந்தோணி பூலா 2022-இல் உயர்த்தப்பட்டபோது அழுதேன். சந்தோஷம் பாதி, இவ்வளவு காலம் ஆனதே என்ற கோபம் பாதி.

அந்தக் கோபத்தோடுதான் பெரியம்மாவிடம் பேசினேன். இவளைக் கிறிஸ்தவளாகவே எழுத விடுங்கள், உரிமையைப் போராடித்தான் வாங்க வேண்டும் என்றேன். 2007-இல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் அந்த மதத் தடையை நீக்கச் சொன்னதையும், 2023 ஏப்ரலில் நம் சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றியதையும் எடுத்துச் சொன்னேன். பெரியம்மா பொறுமையாகக் கேட்டுவிட்டு, “கனடாவுல உன்னை என்ன சாதின்னு எவன் கேக்கப்போறான்? இவளைக் கேப்பான். வயசு ஏறுது. தீர்மானம் வேலை குடுக்குமா?” என்றார்.

பதில் சொல்ல முடியவில்லை. ஆனாலும் என் கருத்து மாறவில்லை: ஒரு பெண் தன் சாமியை ஒளித்து வைத்தால்தான் அவள் பட்ட இழிவுக்கு நியாயம் கிடைக்கும் என்று ஒரு சட்டம் சொன்னால், தவறு சட்டத்தின் மேல். கோயில் முற்றங்களில் ஆகஸ்ட் 10-ஐக் கறுப்பு நாளாகக் கடைப்பிடிப்பதை அரசியல் என்று ஒதுக்கும் கத்தோலிக்கர்களை எனக்குத் தெரியும். அவர்கள் வீட்டுப் படங்கள் சுவரில்தான் இருக்கின்றன. பேதுரு மறுதலித்த கதையைப் பெரியம்மாவிடம் யாராவது சொல்ல வந்தால் குறுக்கே நிற்பேன். அவர் எதையும் மறுதலிக்கவில்லை. அரிசி டிரம்மின் மேல் ஒரு சிறு அகலை ஏற்றி, தினமும் அதே ஐம்பத்து மூன்று மணியும் உருட்டுகிறார்.

அன்று இரவு நானும் அவருடன் உட்கார்ந்தேன். பாப்பா நடுவில் எழுந்துபோய்த் தெருக்கதவைச் சாத்திவிட்டு வந்து விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள்.

கிளம்பும்போது படத்தைச் செல்போனில் எடுத்துக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். “எடுத்துக்க. ஃபேஸ்புக்ல மட்டும் போட்டுடாதே, தெரிஞ்சவங்க பார்ப்பாங்க” என்றார். ஆகவே இதில் எங்கள் வீட்டார் பெயரோ தெருவின் பெயரோ இல்லை.