அண்ணன் வைத்த படி

பொதிகை மலையடிவாரத்தில் வாழும் அன்பர்களுக்குக் காரையாறு சொரிமுத்து ஐயனார் கோயிலைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பாபநாசத்தில் வனத்துறைச் சோதனைச் சாவடியைக் கடந்து மலைப்பாதையில் ஏறினால், ஆற்றங்கரையில் ஐயன் எழுந்தருளியிருக்கும் திருத்தலம் வரும். அதே வளாகத்தில் பட்டவராயர் சந்நிதியும் உள்ளது. முத்துப்பட்டன் என்ற பெயரில் வில்லுப்பாட்டில் பாடப்படுபவர் அவர். பொம்மக்கா, திம்மக்கா என்னும் சகோதரிகளை மணந்து, அவர்கள் குலத்தொழிலான தோல் தொழிலைத் தாமும் ஏற்று, ஆநிரை காக்கும் போரில் உயிர் துறந்தவர். அவருக்குப் பக்தர்கள் தோல் செருப்புகளைக் காணிக்கையாகச் செலுத்துகிறார்கள். இரவில் அவர் அவற்றை அணிந்து காட்டில் உலவுகிறார் என்பதும், அதனால் அவை தேய்ந்து போகின்றன என்பதும் எங்கள் பகுதி மக்களின் நம்பிக்கை.

கல்லிடைக்குறிச்சியில் விவசாயம் செய்து வந்த என் அண்ணன் ஆண்டுதோறும் அந்தக் காணிக்கையைச் செலுத்தியவர். அவர் செல்வது எப்போதும் தம்முடைய 1989-ஆம் ஆண்டு மகிந்திரா எம்.எம். 540 ஜீப்பில்தான். உரமூட்டையும் நெல்மூட்டையும் சுமந்த வண்டி அது. மதினிக்கு மூட்டுவலி வந்தபோது, இடப்பக்கம் ஏறுவதற்கு வசதியாக ஓர் இரும்புப் படியைத் தம் கையாலேயே அளவெடுத்துப் பற்றவைத்து அதில் பொருத்தினார். அண்ணன் காலமான பின் மதினி அந்த ஜீப்பை என்னிடம் ஒப்படைத்தார். "தம்பி, இதை விற்க மனசில்லை. நீங்க ஓட்டுங்க. வருஷத்துக்கு ஒரு தடவை என்னைப் பட்டவராயர்கிட்டே கூட்டிட்டுப் போனாப் போதும்" என்றார்.

வங்கிப் பணியில் 36 ஆண்டுகளைக் கழித்து ஓய்வு பெற்றிருந்த எனக்கு அந்த ஜீப் ஒரு புதுப் பருவத்தையே தந்துவிட்டது. அண்ணன் போட்டிருந்த டயர்கள் பழையவை. பக்கச்சுவரில் வெடிப்புகள் தென்பட்டன. மாற்றியே தீர வேண்டும் என்பதில் ஐயமில்லை. ஆனால் கல்லூரியில் படிக்கும் பேரன், "தாத்தா, பெரிய டயராகப் போடுவோம். கம்பீரமாக இருக்கும்" என்றான். அவன் மேல் பழி போடுவது முறையன்று. அவன் சொல்வதற்கு முன்பே என் மனத்தில் அந்த ஆசை இருந்தது. பாளையங்கோட்டைத் தெருவில் நான் அதில் வரும்போது நாலு பேர் திரும்பிப் பார்க்க வேண்டும் என்ற ஆசைதான் அது.

பழைய டயர் 6.00-16 என்ற அளவு. தரையில் நிறுத்தினால் ஏறத்தாழ 29 அங்குல உயரம் வரும். அதற்குப் பதிலாக 31 அங்குல உயரமும் பத்தரை அங்குல அகலமும் கொண்ட டயர்கள், அவற்றுக்கேற்ற 15 அங்குல ரிம்கள் ஆகியவற்றை ஒரு கடையில் வாங்கினேன். அவை மட்கார்டில் உரசாமல் இருப்பதற்காகப் பட்டை வில்களில் கூடுதல் பிளேட் வைத்து வண்டியையும் இரண்டு அங்குலம் உயர்த்தினார்கள். செலவு ஏறத்தாழ 90,000 ரூபாய்.

கணக்குப் போட்டே வாழ்ந்த நான் இந்தக் கணக்கை மட்டும் முன்கூட்டிப் போடவில்லை. டயரின் உயரம் இரண்டு அங்குலம் கூடினால், அச்சு தரையிலிருந்து உயர்வது அதில் பாதியான ஓர் அங்குலமே. வில்லை உயர்த்தினாலும் அச்சு உயராது. மேலே உள்ள உடல்தான் உயரும். பள்ளம் மேட்டில் அடிபடக்கூடிய அச்சுக்குக் கிடைத்த இடைவெளி அந்த ஓர் அங்குலம்தான். அதற்கு ஈடாக இழந்தவை பல. சக்கரத்தின் சுற்றளவு ஆறு அங்குலம் கூடியதால், வேகமானி 60 காட்டும்போது வண்டி 64 கிலோமீட்டர் வேகத்தில் ஓடியது. பழைய எஞ்சின் ஏற்றத்தில் திணறியது. ஸ்டீயரிங் கனத்தது. பெரிய, கனமான சக்கரத்தை நிறுத்த அதிக விசை வேண்டும்; பிரேக் டிரம்களோ பழைய அளவிலேயே இருந்தன.

தை மாதத்தில் கூட்டமில்லாத ஒரு நாள் மதினியை அழைத்துச் செல்லக் கல்லிடைக்குறிச்சிக்குச் சென்றோம். செருப்புக் காணிக்கையை மஞ்சள் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு மதினி வாசலுக்கு வந்தார். வழக்கம்போல் ஒரு கையால் கம்பியைப் பிடித்துக் காலைத் தூக்கினார். கால் படியை எட்டவில்லை. மறுபடியும் முயன்றார். பிறகு என்னைப் பார்க்காமல், "அவுக வெச்ச படி எனக்கு எட்டலையே தம்பி" என்றார்.

மூன்று அங்குலம்தான். ஆனால் 74 வயது முழங்காலுக்கு அது ஒரு மலை. வீட்டுக்குள்ளிருந்து ஒரு முக்காலியைக் கொண்டுவந்து போட்டு, நானும் என் மனைவியும் இருபுறமும் தாங்கி அவரை ஏற்றினோம். முக்காலியையும் ஜீப்பிலேயே எடுத்துக்கொண்டோம். வழியெல்லாம் நான் எதுவும் பேசவில்லை. இன்னொன்றும் உறுத்தியது. கோயில் வரை அரசுப் பேருந்து செல்லும் சாலை அது. யாருக்காக, எந்தக் காட்டுப் பாதைக்காக இந்தச் சக்கரங்களை மாட்டினேன்?

தரிசனம் நன்றாக அமைந்தது. அண்ணன் பெயரைச் சொல்லி மதினி செருப்பைச் செலுத்தினார். திரும்பி இறங்கும்போதுதான் அது நேர்ந்தது. ஒரு கூர்மையான வளைவில் பிரேக்கை மிதித்தேன். பெடல் மெத்தென்று ஆழத்துக்கு இறங்கியது. வண்டி நிற்கவில்லை. அண்ணன் ஒருமுறை சொல்லிக்கொடுத்தது நினைவுக்கு வந்தது. கியரை இரண்டுக்கும் பின் ஒன்றுக்கும் குறைத்து, கைப்பிரேக்கை இழுத்து, பள்ளத்துப் பக்கம் போகாமல் மலைப்பக்கமாக ஒடித்தேன். மண்மேட்டில் உரசி ஜீப் நின்றது. பின்னிருக்கையில் மதினி, "ஐயனே" என்று ஒரு சொல்தான் சொன்னார். யாருக்கும் காயமில்லை. ஆனால் என் கைகளின் நடுக்கம் அடங்க வெகுநேரமாயிற்று.

விக்கிரமசிங்கபுரத்திலிருந்து வந்த வயதான மெக்கானிக் முன்சக்கரத்துக்குப் பின்னால் கையை விட்டு, பிரேக் எண்ணெய் செல்லும் ரப்பர் குழாயைக் காட்டினார். ஸ்டீயரிங்கை முழுதாக ஒடிக்கும்போதெல்லாம் அகன்ற டயர் அதில் உரசியிருக்கிறது. நாளாக நாளாகத் தேய்ந்து, அன்று துளை விழுந்துவிட்டது. "டயரை மாத்தினா போதாது சார். அதுக்கேத்த மாதிரி பிரேக், கியர், அச்சு எல்லாத்தையும் மாத்தணும். இல்லேன்னா கம்பெனி கொடுத்த அளவோட நிக்கணும்" என்றார்.

அவர் சொன்னதைக் கேட்டபோது எனக்குத் தேர்கள் நினைவுக்கு வந்தன. ஆனித் திருவிழாவில் நெல்லையப்பர் தேரை இழுக்கும்போது, ஓட்டுவதைவிட நிறுத்துவதே பெரிய வேலை என்பதை அருகிலிருந்து பார்த்தவர்கள் அறிவார்கள். உயிரைப் பணயம் வைத்துச் சக்கரத்தடியில் கட்டை கொடுப்பவர்களை நம்பித்தான் அத்தனை பாரமும் நகர்கிறது. திருவாரூர் ஆழித்தேருக்கு இரும்புச் சக்கரங்கள் அமைத்தபோது, திருச்சி பெல் நிறுவனத்தார் சக்கரத்தோடு நிற்கவில்லை. இரும்பு அச்சும் ஹைட்ராலிக் பிரேக்கும் சேர்ந்தே பொருத்தப்பட்டன. சுவாமியின் தேருக்குப் பெரியவர்கள் காட்டிய கவனத்தை, குடும்பத்தை ஏற்றிச் செல்லும் வண்டிக்கு நான் காட்டவில்லை.

இன்னொரு வெட்கமும் உண்டு. பதிவுச் சான்றில் உள்ள விவரம் தயாரிப்பாளர் வகுத்ததிலிருந்து வேறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்பது 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆவது பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை வலியுறுத்தியது. வாகனக் கடன் கொடுக்கும் முன் பிறருடைய பதிவுச் சான்றுகளை வரிவரியாகச் சரிபார்த்தவன், என் வண்டிக்கு அதை எடுத்துப் பார்க்கவே இல்லை.

அந்த வாரமே பெரிய டயர்களைப் பாதி விலைக்கு விற்றேன். கூடுதல் பிளேட்டுகளைக் கழற்றச் செய்தேன். அண்ணன் வீட்டு மாட்டுக்கொட்டிலில் கிடந்த பழைய ரிம்களைத் தேய்த்து வர்ணம் பூசி, அதே 6.00-16 அளவில் புது டயர்களை மாட்டினேன். டயரின் பக்கச்சுவரில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். முதல் இரண்டும் தயாரான வாரத்தையும், அடுத்த இரண்டும் ஆண்டையும் குறிக்கும். பழைய வண்டி வைத்திருக்கும் அன்பர்கள் அதைப் பார்த்து வாங்குவது நல்லது. குறைவாக ஓடும் வண்டியில் டயர் தேய்வதற்கு முன்பே ரப்பர் கெட்டுவிடும்.

மறு தை மாதம் முக்காலி இல்லாமல் போனோம். மதினி கம்பியைப் பிடித்தார், காலைத் தூக்கினார், அண்ணன் வைத்த படியில் கால் பதிந்தது. ஏறி அமர்ந்ததும் அந்தக் கம்பியை ஒருமுறை தடவிக்கொடுத்தார். கோயிலில் தொங்கும் செருப்புகளை அண்ணாந்து பார்த்தபடி, "சாமியும் தேஞ்ச செருப்பைத்தான் மாத்திக்கிறாரு தம்பி. கால் அளவை மாத்திக்கலையே" என்றார். பேரன் சிரித்தான். நானும் சிரித்தேன்.

ஓய்வு பெற்ற வயதில் கையில் கொஞ்சம் பணமும் மனத்தில் மிச்ச ஆசையும் இருக்கும். வீட்டையோ வண்டியையோ பெரிதாக்கத் தோன்றும். அப்போது, அதில் ஏறி இறங்கப் போகிறவர்கள் யார் என்று ஒரு கணம் எண்ணிப் பார்த்தால் போதும். அடியேனுக்கு அதை உணர்த்த ஐயனார் ஒரு மலைவளைவைக் காட்ட வேண்டியிருந்தது. காட்டியதோடு காப்பாற்றியும் அனுப்பினார். அது அவன் கருணை.