நம் வீட்டுக்குள் இருக்கும் லிஸ்பன்



போர்ச்சுகல் போய்வந்ததைப் பற்றி எழுதச் சொல்லிப் பழைய மாணவர்கள் சிலர் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். முழுப் பயணத்தையும் எழுதினால் நீளும். லிஸ்பனில் நானும் துணைவியாரும் சுற்றிய ஒரு நாளை மட்டும் சொல்கிறேன்.

2023 அக்டோபர். ஜெர்மனியில் வேலை பார்க்கும் மகன் டிக்கெட் போட்டுக் கொடுத்திருந்தான். துணைவியாருக்கு முழங்கால் வலி. லிஸ்பனோ மேடும் பள்ளமுமான ஊர். நடைபாதையெல்லாம் சின்னச் சின்ன வெள்ளைக் கல் பதித்து வழுவழுவென்று இருக்கும். அதனால் ஆற்றோரமாக, சமதளமாக இருக்கும் பெலெம் பகுதிக்கு மட்டும் போவதென்று முடிவு செய்தோம். டேகஸ் ஆறு அட்லாண்டிக் கடலில் கலப்பதற்குச் சற்று முன்னால் இருக்கும் இடம். அகலத்தைப் பார்த்தால் கடல் என்றே நினைப்பீர்கள்.

கிளம்பும்போது விடுதி அம்மா அறைச் சாவியைக் காட்டி ஏதோ கேட்டார். அதில் ‘ஷாவ்’ என்று ஒரு சொல் வந்தது.

“என்னங்க, சாவின்னு தமிழ்லயே சொல்றாங்க!” என்றார் துணைவியார்.

15ஆம் எண் டிராமில் உட்கார்ந்ததும் விளக்கம் சொன்னேன். 31 வருடம் வரலாறு நடத்திய வாய் சும்மா இருக்குமா? சாவி அவர்கள் சொல்தான். ஜன்னல், அங்கே ‘ஜனெலா’. மேசை, ‘மேசா’. அலமாரி, ‘அர்மாரியு’. பேனா, பொத்தான், பீப்பாய், துவாலை, ஏலம் எல்லாம் போர்த்துக்கீசியர் கப்பலில் வந்து இறங்கியவை. அவர் ஒவ்வொன்றாகச் சொல்லிப் பார்த்துச் சிரித்துக்கொண்டே வந்தார்.

பெலெமில் முதலில் ஜெரோனிமஸ் மடாலயம். 1501இல் கட்டத் தொடங்கியது. கட்டிய பணம் எங்கிருந்து வந்தது தெரியுமா? மிளகு முதலான கீழைநாட்டுச் சரக்குகள் மீது விதித்த வரியிலிருந்து, ஏறத்தாழ 5 சதவீதம். கயிறு, சங்கிலி, கடல் செடி என்று கல்லில் இழைத்திருக்கிறார்கள். அழகு என்றால் அப்படி ஓர் அழகு.

தேவாலயத்துக்குள் நுழைந்ததும் ஒரு பக்கம் கவிஞர் கமோயிஷ் கல்லறை, மறுபக்கம் வாஸ்கோ ட காமா. 1498இல் கள்ளிக்கோட்டை வந்தவர். 1524இல் கொச்சியில் இறந்து, அங்கேயே புதைக்கப்பட்டு, பிறகு எலும்புகளாகத் தாய்நாடு திரும்பியவர். கல்லில் கைகூப்பிப் படுத்திருக்கிறார்.

வகுப்பில் நான் தவறாமல் சொல்கிற ஒன்றை அங்கே மெதுவாகச் சொன்னேன். 1502இல் இரண்டாம் முறை வந்தபோது, மெக்கா யாத்திரை முடித்துத் திரும்பிய கப்பல் ஒன்றைப் பிடித்து, ஆட்களோடு எரித்தவர் இவர்.

“பொம்பளைங்க, புள்ளைங்களுமா?”

“ஆமாம்.”

எடுத்து வைத்திருந்த செல்போனைப் பைக்குள் போட்டார். “இங்க போட்டோ வேண்டாங்க” என்று சொல்லிவிட்டு வெளியே நடந்தார்.

வெளியே பெஞ்சில் வெகுநேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தோம். எனக்கு மனசு கேட்கவில்லை. “இவ்வளவு அக்கிரமம் பண்ணினவங்க சொல்லையா நாம வீடு முழுக்க வச்சிருக்கோம்னு சில சமயம் தோணும்” என்றேன்.

அவர் கால்முட்டியைத் தேய்த்துக்கொண்டே சொன்னார்: “சாவிக்கொத்த முப்பத்தஞ்சு வருஷமா நான்தாங்க இடுப்புல சொருகிட்டு இருக்கேன். அது எப்படி அவங்களுது ஆகும்?”

பல வருடம் நான் மனசுக்குள் போட்டுக் குழப்பிய கேள்வி. இதைவிட நல்ல பதில் எனக்குக் கிடைத்ததில்லை. கொடுமையை மறக்கவும் இல்லை, சொல்லை விட்டுக்கொடுக்கவும் இல்லை.

இன்னொரு செய்தி. தமிழ்ச் சொற்கள் முதலில் அச்சேறிய ஊர் இந்த லிஸ்பன்தான். 1554இல், ரோமன் எழுத்தில், போர்த்துக்கீசியத்தோடு சேர்த்து அச்சான ஒரு கிறிஸ்தவ நூல். தமிழாக்கத்தில் தமிழர்களுக்கும் பங்கு உண்டு. தமிழ் எழுத்திலேயே ‘தம்பிரான் வணக்கம்’ கொல்லத்தில் அச்சானது 1578இல், அதாவது 24 வருடம் கழித்து.

பிறகு 1837 முதல் நடக்கும் பழைய கடையில் முட்டைக் கஸ்டர்ட் வைத்த சூடான ‘பாஸ்தெல்’ சாப்பிட்டோம். மேலே பட்டைத்தூள் தூவித் தின்ன வேண்டும். துணைவியார் இரண்டாவதும் கேட்டு வாங்கினார். திரும்பும் வழியில் ஒரு பழக்கடை. மாம்பழத்துக்கு மேல் ‘மங்கா’ என்று எழுதியிருந்தது. நம் கரையிலிருந்து போன மாங்காய்தான்.

“பாத்தீங்களா, அவங்களும் நம்மளுத வச்சிருக்காங்க” என்றார். அங்கே மட்டும் ஒரு போட்டோ எடுத்துக்கொண்டார்.

மூட்டுவலி உள்ளவர்களுக்கு ஒரு வார்த்தை: லிஸ்பன் போனால் பிடிமானமுள்ள செருப்பு அவசியம். ஒரு நாளைக்கு ஒரு பகுதி போதும்.

மேலே சொன்னவை தவிர, உங்கள் வீட்டில் புழங்கும் போர்த்துக்கீசியச் சொற்கள் தெரிந்தால் கீழே எழுதுங்கள். துணைவியாரிடம் படித்துக் காட்டுகிறேன்.